சொல்லித் தூக்குவது

சிட்டு,

தேன்பெட்டிக்குப் புகை காட்டுகிற உன் புகைப்பானை இன்று காலையில் திறந்தேன். நீ போனதிலிருந்து அது அடுப்படி மூலையில், நீ வைத்த இடத்திலேயே கிடந்தது. பற்றவைக்கலாம் என்று மூடியைத் தூக்கினால் உள்ளே பாதி எரிந்த தேங்காய்நார். நீ திணித்தது. கரியும் சாணியும் கொஞ்சம் மெழுகும் கலந்த வாசனை. பெட்டியைப் பார்த்துவிட்டு நீ உள்ளே வரும்போது உன் முந்தானையில் வருமே, அதே வாசனை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த நாரை எடுத்துப் போட மனசு வரவில்லை. அதன் மேலேயே புது நாரை வைத்துப் பற்றவைத்தேன்.

நாளைக்குத் தேனீக்காரர் சங்கக் கூட்டம். போட்டிக்கு உன் பெட்டியைக் கொண்டுபோகலாம் என்றுதான் பலாமரத்தடிக்குப் போனேன். அடை கட்டின முதல் சட்டம் நன்றாக இருந்தது. இரண்டாவதும் நன்றாக இருந்தது. மூன்றாவது சட்டத்தில் ஒரு புழு, தேனீக் குஞ்சு. அதன் அறையின் மூடியைத் தேனீப் பூச்சிகள் கடித்துத் திறந்திருந்தன. உள்ளே அது மல்லாந்து, தலையை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. ஒன்றே ஒன்றுதான். சுற்றிலும் எல்லாம் பால்போல வெள்ளைப் புழு.

சட்டத்தை இறக்கி, மூடியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். புல்லால் குத்திப் பார்க்கவில்லை. பார்த்தால் நோயா இல்லையா என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் உன் பெட்டி நெருப்புக்குப் போகும். நீ கையால் பிடித்து வைத்ததில் இந்த வீட்டில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

போகாமலே இருந்துவிடலாம். துக்கம் நடந்த வீடு, யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கப் போவதில்லை. ஒண்டிக்கடை முக்கில் டீக்கடை வைத்திருக்கிற மாணிக்கண்ணன் நேற்றே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"பெரியவளே, இந்த வருசம் நீ வந்துதான் ஆவோணும்னு இல்ல. பொட்டிய ஊட்டுலயே வெச்சுக்க. யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

நல்ல மனசோடு சொன்னதுதான். காலையிலிருந்து அந்தப் பேச்சு ஒரு கதவுபோலத் திறந்து நிற்கிறது. நான் உள்ளே போகவும் இல்லை, சாத்தவும் இல்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன் பெண் தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, இது எனக்கும் உங்கம்மாவுக்கும் உள்ள பேச்சு என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். எப்போது சண்டை போடுவோம் என்று வாழவந்தி ஊரே காத்திருந்தது. அவர்களை நாம் ஏமாற்றவில்லை. உப்புக்குப் போட்டோம், தண்ணீருக்குப் போட்டோம், கோழி யாருடையது என்பதற்குப் போட்டோம். பெட்டி வந்த பிறகுதான் குறைந்தது. "கோவத்தோட போனா அதுக்குத் தெரிஞ்சுருமுங்க்கா, கொட்டிப்போடும்" என்பாய். பெட்டியைத் திறப்பதற்காகவே நாம் ராசியானோம். ராசியாக இருந்ததற்காகப் பெட்டியைத் திறந்த நாளும் உண்டு.

அந்த வருஷத்தைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். மலை முழுக்கப் பெட்டிகள் காலியாகிக்கொண்டிருந்த வருஷம். பை நோய் என்றார்கள். புழு நன்றாக வளர்ந்து கூட்டுக்குள் அடங்குகிற சமயத்தில் செத்துவிடும். தோல் மட்டும் கெட்டியாக நிற்கும், உள்ளே எல்லாம் தண்ணீர். எடுத்தால் சின்னப் பை மாதிரித் தொங்கும். பிள்ளைகள் சாகச் சாகப் பெரிய பூச்சிகளுக்கு மனசு விட்டுப்போகும். ஒருநாள் மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும். ஊரில் வீட்டுக்கு வீடு வெறும் பெட்டி. நம் வீட்டிலும் ஒவ்வொன்றாகப் போய், பலாமரத்தடிப் பெட்டி மட்டும் நின்றது.

அது மட்டும் நின்றதால் எல்லார் கண்ணும் அதன்மேல் விழுந்தது. சங்கத் தலைவர் கொட்டச்சேட்டு ரைட்டரய்யா, அந்த வயசில், மூச்சு வாங்க நம் வீடு தேடி வந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதிக் கணக்கெழுதிக் கண் மங்கிப் போன மனுஷர். பலாமரத்தடியில் நின்று, பெட்டியின் வாசலில் பூச்சிகள் போகிறதையும் வருகிறதையும் பார்த்தாரோ, சத்தத்தைத்தான் கேட்டாரோ.

"இதுக்கு நோயை எதுத்து நிக்கிற ரத்தம் இருக்குது சாமி. கூட்டத்துக்குக் கொண்டா. எல்லாரும் பாக்கட்டும். சுத்தமா இருந்துச்சுன்னா இதுலிருந்து ராணி எடுத்து ஆளுக்கொண்ணு குடுத்துருவோம். மலை பொழச்சுக்கும்."

போட்டியில் ஜெயித்த பெட்டிக்குக் கைப்பிடி சுற்றித் தேன் எடுக்கிற டிரம் பரிசு என்றும் சொன்னார். அதுவரை நாம் அடையைத் துணியில் கட்டிப் பிழிந்துதான் எடுத்துக்கொண்டிருந்தோம். நீ டிரம்மைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதை எங்கே வைக்கலாம் என்று அடுப்படியில் இடம் பார்த்ததை நான் பார்த்தேன்.

கூட்டத்தன்று காலையில் பனி இல்லை, வெயில்தான். பெட்டி வாசலுக்குக் கம்பிவலை அடைத்து, ஈரச்சாக்கு சுற்றி, பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாய். கீழே வைத்தால் குலுங்கும் என்று சொல்லிவிட்டாய். கண்டக்டர் எட்டி நின்றுகொண்டே கேட்டார்.

"ஏனுங்க, உள்ள என்ன, கோழிங்களா?"

"கோழி இல்லீங்க, குடும்பமுங்க. ஒருத்தி குந்திக்கிட்டு அதிகாரம் பண்றா, மத்தவிய வேலை செய்யறாங்க. எங்கூடு மாதிரியே" என்று சொல்லி என்னைக் காட்டினாய். பஸ்ஸே சிரித்தது. நானும் உன்னைக் கிள்ளிவிட்டுச் சிரித்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் காலையில் பாடம். சேலத்திலிருந்து வந்த பெண் அதிகாரி பெரிய படத்தைத் தொங்கவிட்டு, பை நோய் எப்படி இருக்கும், எப்படிப் பரவும் என்று பொறுமையாகச் சொன்னார். ஒரு பெட்டி போனால் அக்கம்பக்கப் பெட்டியெல்லாம் போகும், சந்தேகம் வந்தால் மறைக்காதீர்கள் என்றார். நோய் கண்ட பெட்டி கூட்டத்திலிருந்து வீடு திரும்பக் கூடாது, அங்கேயே எரித்துவிட வேண்டும் என்பது சங்கம் முன்பே போட்டிருந்த விதி. அதை ரைட்டரய்யா இன்னொரு தடவை சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். தலையாட்டுவது சுலபம்.

பிறகு போட்டி. சங்கத்துப் போட்டியில் அடுத்தவர் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள். உடையவர்தான் சட்டத்தைத் தூக்க வேண்டும். தூக்கும்போது அதில் என்ன இருக்கிறது என்று உரக்கச் சொல்ல வேண்டும். தேன் என்றால் தேன், முட்டை என்றால் முட்டை. சொல்லித் தூக்குவது என்று அதற்குப் பெயர். முகவலை போட்டுக்கொண்டு தூரத்தில் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, சொல்கிற வாயை நம்பித்தான் கூட்டமே நிற்கும்.

முதலில் மாணிக்கண்ணன் தூக்கினார். சட்டத்தில் ஒரு சொட்டு இல்லை. "தேன்!" என்று கத்தினார்.

"எங்கய்யா?" என்றது கூட்டம்.

"காப்பி பூக்கட்டும், வரும்!"

சிரித்துச் சிரித்து ரைட்டரய்யாவுக்கு இருமல் வந்துவிட்டது. கடைசியில் உன் முறை. உன் பெட்டிக்காகத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நாற்காலியில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். நான் புகைப்பானோடு உன் பக்கத்தில் நின்றேன். நீ எப்போதும்போல விரல் முட்டியால் பெட்டியைத் தட்டிக் காதை வைத்தாய்.

"எல்லாம் ஊட்டுலதான் இருக்குதுங்க."

மூடியைத் தூக்கினாய்.

"தேன். பூந்தூள்."

"முட்டை. புழு. நொம்ப இருக்குதுங்க."

"மூடின கூடு. ராணி! அதோ, அந்த ஓரத்துல போறா பாருங்க!"

கைதட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார். பிறகு அடுத்த சட்டத்தைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினாய். நான் அதை உன்னோடுதான் பார்த்தேன். நடுவில், நல்ல புழுக்களுக்கு நடுவில், ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. புகைப்பானின் துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

உன் கட்டைவிரல் அந்த அறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நகத்தால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும், மெழுகோடு மெழுகாகப் போயிருக்கும். உனக்கும் எனக்கும் தவிர அந்த மைதானத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் உன் முழங்கையைத் தொட்டேன். சொல்லாதே என்று தொட்டேனா, சொல் என்று தொட்டேனா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

"என்ன சாமி, சொல்லு. என்ன இருக்குது?" என்றார் ரைட்டரய்யா.

நீ ஒரு மூச்சு நின்றாய்.

"பை இருக்குதுங்க" என்றாய்.

பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். உன்னைத் திட்டவில்லை, உனக்குச் சமாதானம் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேத்துப் பனியில செத்திருக்கும் என்றார் ஒருவர். பஸ்ஸுல குலுங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு காரணத்தை எடுத்து நீட்டினார்கள். ஒன்றை நீ வாங்கிக்கொண்டால் போதும் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மாணிக்கண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏம்புள்ள சின்னவளே, ஒரு புழுவுக்குப் போயி இந்த அலப்பற பண்ற? எங்கூட்டுல தெனந்தான் சாவுது. நானென்ன ஊரக் கூட்டியா சொல்றன்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள்.

நீ சட்டத்தைக் கீழே வைக்காமலே கேட்டாய். "எப்புடிங்கண்ணா சாவுது? தலையத் தூக்கிக்கிட்டுங்களா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சில பேர் தரையைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

நீ குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி, அந்த அறைக்குள் விட்டு மெதுவாக இழுத்தாய். வந்தது. நுனியில் தண்ணீர் கோத்துக்கொண்டு, சின்னதாக, பை மாதிரி. அதிகாரி கிட்டே வந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையசைத்தார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

ரைட்டரய்யா உன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூடி ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு சாமி. நாங்க யாரும் பாக்கல."

"நீங்க பாக்கலீங்க ஐயா. நான் பாத்துட்டனுங்க."

பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். விறகு கொண்டுவந்தது மாணிக்கண்ணன். யாரும் அவரிடம் கேட்கவில்லை. வாசலுக்கு நீயே வலையை அடைத்தாய். மறுபடியும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்தாய். அந்தத் தடவை என்ன கேட்டது என்று யாருக்கும் சொல்லவில்லை. நெருப்புப் பிடித்ததும் உள்ளே இரைச்சல் ஏறியது. ஏறி, ஏறி, பிறகு இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொருவராக, சோற்றைப் பிசைந்துகொண்டே, அவரவர் வீட்டுப் பெட்டியில் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்கக் கேட்க அதிகாரி இலையை விட்டு எழுந்துவிட்டார். அன்றைக்கு நாம் அந்தப் பெட்டியிலிருந்து ராணி எடுத்து ஆளுக்கொன்று பிரித்திருந்தால் நோயும் வீட்டுக்கு வீடு போயிருக்கும். பரிசு டிரம் மேசைமேல் காகிதம் பிரிக்காமல் கிடந்தது.

திரும்பும்போது அதே பஸ், அதே கண்டக்டர்.

"ஏனுங்க, வரப்ப ஒரு குடும்பம் இருந்துச்சே, எங்கீங்க?"

"எறங்கிருச்சுங்க" என்றாய். வாழவந்தி வரைக்கும் உன் இரண்டு கையும் மடியில், பெட்டியைப் பிடித்திருந்த மாதிரியே வளைந்திருந்தன. நான் எடுத்துக் கீழே விட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அப்படியே வைத்துக்கொண்டாய்.

வீட்டில் என் கொழுந்தன், உன் வீட்டுக்காரர், பேச்சை நிறுத்திவிட்டார். "வாய வெச்சுக்கிட்டு இருக்க முடியல இவளுக்கு" என்று என்னிடம் சொன்னார், உனக்குக் கேட்கும்படி. நானும் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். ஊரே மறைத்து வைத்திருக்க, நம் பெட்டி மட்டும் ஏன் எரிய வேண்டும்? அந்த வருஷம் காப்பி பூத்து மலை வெள்ளையாகக் கிடந்தது. தோட்டத்துக்குள் போனால் வாசனை மூக்கை அடைத்தது, காதுக்கு ஒன்றும் இல்லை. அந்த அமைதியை உன்னால் தாங்க முடியவில்லை. வேலைக்குப் போகும்போது முந்தானையால் காதை மூடிக்கொண்டு போவாய். குளிருக்கு என்று எல்லாரிடமும் சொன்னாய்.

அடுத்த மழை முடிந்த பிறகு, ஊருக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு தேனீக் கூட்டம் இருப்பதை நீதான் கண்டுபிடித்தாய். கையை விட்டு அடை அடையாக எடுத்து, வாழைநாரால் சட்டத்தில் கட்டி, பலாமரத்தடிக்குக் கொண்டுவந்தாய். கை இரண்டும் வீங்கி, நான்தான் உனக்குச் சோறு ஊட்டினேன். அதிலிருந்து பிரிந்த பிள்ளைப் பெட்டிகளைத்தான் பிறகு வருஷா வருஷம் சங்கத்தில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாய். முதல் பெட்டியை மாணிக்கண்ணனுக்குக் கொடுத்தாய். ஏன் அவருக்கு என்று கேட்டேன். "அன்னிக்கு அவருதானுங்க்கா மொதல்ல உண்மையச் சொன்னாரு" என்றாய். தாய்ப்பெட்டி நம்மிடமே நின்றது. அதற்குள்தான் இன்று காலையில் நான் பார்த்தது.

சொல்லித் தூக்குவது உனக்கு வீட்டிலும் பழக்கமாகிப் போனது. சோற்றுப்பானையைத் திறந்தால் "அரை வேக்காடு" என்பாய். தபாலைப் பிரித்தால் "கல்யாணம்" என்பாய். பிள்ளைகள் கேலி செய்வார்கள். போன கார்த்திகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்தபோதும், சேலத்து ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் இறங்குகிற வழியெல்லாம், என் மடியில் தலை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டே வந்தாய். மூங்கில். வளைவு. குரங்கு, குட்டியோட. நானும் உம் கொட்டிக்கொண்டே வந்தேன். "சேலம் தெரியுதுங்க்கா" என்றாய். நான் நிமிர்ந்து பார்த்தேன், கீழே வெயிலில் ஊர் பரந்து கிடந்தது. அதற்கடுத்த வளைவில் நீ ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்ததிலும் சொல்லவில்லை. இப்போது உன் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அடுப்படியில் தனியாக நின்று பானையைத் திறந்து சொல்கிறேன். உன் பெண் கேலி செய்வதில்லை.

இதுவரை எழுதிவிட்டு, கொஞ்சம் முன்னால் எழுந்து பலாமரத்தடிக்குப் போனேன். பொழுது சாய்கிற நேரம், பூச்சிகள் எல்லாம் வீடு வந்துகொண்டிருந்தன. உன் மாதிரியே தட்டிக் காதை வைத்தேன். நல்ல சத்தம்தான். மூன்றாவது சட்டத்தைத் தூக்கினேன். ஒரு புல்லைக் கிள்ளினேன். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை வந்தது. நுனியில் தண்ணீர் கோத்துக்கொண்டு தொங்கியது.

பக்கத்தில் யாரும் இல்லை. பலாமரத்துக்குத்தான் சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன்.

நாளைக்குப் பெட்டியை எடுத்துப்போக மாட்டேன். நோயை பஸ்ஸில் ஏற்றக் கூடாது. வாசலுக்கு வலை அடைத்துவிட்டேன். நான் மட்டும் போவேன். நம் வீட்டுப் பெயரைக் கூப்பிடும்போது வெறுங்கையோடு எழுந்து நின்று, எங்கள் பெட்டியில் பை இருக்கிறது, இதன் பிள்ளைகளை வாங்கினவர்கள் எல்லாரும் இன்றே போய்த் திறந்து பாருங்கள் என்று சொல்வேன். சங்கத்தாரை வரச்சொல்லி நெருப்பை இங்கேயே வைத்துவிடலாம். உன் புகைப்பானின் அடியில் எரியாமல் மிஞ்சிய பழைய நாரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வேன்.

உன்னைப் பற்றிச் சங்கத்தில் இன்னும் பேசுகிறார்கள், சிட்டு. பார்த்த உடனே, கண்ணிமைக்கிற நேரத்தில் சொல்லிவிட்டாளாம். அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்தில் நின்றவள் நான். உன் முழங்கையில் என் விரல் இருந்தது. நீ நின்றாய். எனக்கு அந்த இடத்தைத் தாண்ட ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. நீ ஒரு மூச்சில் தாண்டிவிட்டாய். ஆனாலும் நின்றாய். இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் இருந்தும் அதை மட்டும் நான் கேட்கவே இல்லை.

அந்த ஒரு மூச்சில், நகத்தால் அழுத்திவிட்டு அடுத்த சட்டத்துக்குப் போய்விடலாம் என்று உனக்கும் தோன்றியதா, கண்ணு?